நோய்க்குப் பெயர் கேட்கும் உரிமை: பட்டாசுத் தொழிலாளரின் நுரையீரலும் ஆய்வு நிதிக்கான கோரிக்கையும்

சிவகாசி வட்டாரத்தில் ‘மருந்து’ என்ற சொல் நோய் தீர்க்கும் பொருளைக் குறிப்பதில்லை. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் ஆகியவற்றைச் சேர்த்துச் செய்யும் வெடிகலவைக்கு அங்கே அதுவே பெயர். மருந்து கலப்பவர், குழாயில் மருந்து செலுத்துபவர், மணிமருந்தை வெயிலில் உலர்த்துபவர் எனத் தொழிலாளர்கள் அந்தச் சொல்லாலேயே அறியப்படுகின்றனர். மாலையில் வேலை முடித்து வரும் ஒரு தொழிலாளியின் கைகளிலும் கழுத்திலும் அலுமினியத் தூள் வெள்ளிப் பூச்சுபோல் ஒட்டியிருக்கும். தோலின் மேல் படிந்தது கண்ணுக்குத் தெரிகிறது. மூச்சுக்குழலுக்குள் சென்றது எவர் கணக்கிலும் இல்லை.

வெடிவிபத்துகளை நாம் எண்ணுகிறோம். 1991 ஜூலையில் 39 உயிர்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்தில் மீண்டும் ஒரு பெருவிபத்து. ஒவ்வொரு முறையும் முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது, இழப்பீடு அறிவிக்கப்படுகிறது, உரிமம் தற்காலிகமாக ரத்து செய்யப்படுகிறது. ஆனால் இருபது ஆண்டுகள் மருந்தறையில் வேலை செய்து, நாற்பத்தைந்து வயதில் பத்தடி நடக்க இரண்டு முறை நின்று மூச்சு வாங்கும் ஒருவருக்காக எந்தப் பதிவேடும் திறக்கப்படுவதில்லை. அவருடைய நோய்க்குச் சட்டத்தில் பெயர் இல்லாததே அதற்குக் காரணம்.

பெயர் இல்லாத நோய்க்கு இழப்பீடு இல்லை. பெயர் வேண்டுமெனில் ஆய்வு வேண்டும். ஆய்வுக்கு நிதி வேண்டும். நிதியை ஒதுக்கும் அதிகாரம் சட்டமன்றத்திடமும் நாடாளுமன்றத்திடமும் உள்ளது. ஆகவே, நோயுற்ற தொழிலாளர்கள் மக்கள் பிரதிநிதிகளிடம் ஆய்வு நிதி கேட்பது கருணை மனு ஆகாது. அது அரசியல் சாசன உரிமைக் கோரிக்கை. இக்கோரிக்கையின் சட்ட அடிப்படைகளையும், இந்தியாவிலும் பிற நாடுகளிலும் நோயாளிகள் இதே கோரிக்கையை எவ்வாறு வென்றார்கள் என்பதையும், விருதுநகர் மாவட்டத்தில் எங்கிருந்து தொடங்கலாம் என்பதையும் இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

உடலுக்குள் செல்வது எது?

பட்டாசு ஆலையில் கையாளப்படும் பொருட்கள் ஒவ்வொன்றின் நச்சுத்தன்மையும் மருத்துவ நூல்களில் தனித்தனியே அறியப்பட்டதே. பச்சை ஒளிக்காகச் சேர்க்கப்பட்ட பேரியம் நைட்ரேட் நீரில் கரையக்கூடிய உப்பு. அது உடலில் மிகுந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைகிறது; தசைகள் தளர்கின்றன; இதயத்துடிப்பின் ஒழுங்கு குலைகிறது. கந்தகத் தூள் கண்ணையும் மூச்சுப்பாதையையும் எரிச்சலூட்டும். அது எரியும்போது வெளிப்படும் கந்தக டை ஆக்சைடு மூச்சுக்குழல்களைச் சுருங்கச் செய்யும்.

நுண்ணிய அலுமினியத் தூளின் வரலாறு இன்னும் தெளிவானது. இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மனியில், வெடிபொருளுக்கான அலுமினியத் தூள் தயாரித்த தொழிலாளர்களிடையே நுரையீரல் திசு நார்போல் இறுகிப்போகும் நோய் பதிவானது. அதற்கு ‘அலுமினோசிஸ்’ என்று பெயரிடப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனிலும் இத்தகைய தூளைக் கையாண்டவர்களிடம் இதே நோய் விவரிக்கப்பட்டது. இறுகிய நுரையீரல் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பாது. முன்கூட்டியே கண்டறிந்து அந்த வேலையிலிருந்து விலக்குவதே பாதுகாப்பு.

சிவகாசித் தொழிலாளியோ இப்பொருட்களைத் தனித்தனியாகச் சுவாசிப்பதில்லை. அவற்றின் கலவையைப் பல ஆண்டுகள் வெறுங்கையால் கையாண்டு, கரிசல் வெயிலில் தகிக்கும் அறைக்குள் அமர்ந்து, பெரும்பாலும் ஒரு துணியை மட்டும் முகத்தில் கட்டிக்கொண்டு சுவாசிக்கிறார். அக்கலவை ஒரு மனித உடலில் இருபது, முப்பது ஆண்டுகளில் என்ன செய்யும் என்பதே கேள்வி. சில நூறு பேரை ஒருமுறை பரிசோதிக்கும் சிறு ஆய்வுகளால் இதற்கு விடை கிடைக்காது. ஒரே தொழிலாளர் தொகுதியைப் பணியில் இருக்கும்போதும், பணியை விட்ட பின்னும் பல்லாண்டுகள் பின்தொடரும் அரசு ஆய்வே விடை தரும். அதற்குத்தான் நிதி தேவை.

29 நோய்களின் பட்டியல்

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தனது மூன்றாம் அட்டவணையில் 29 நோய்களைப் பட்டியலிட்டது. ஈய நஞ்சு, பாதரச நஞ்சு, சிலிகோசிஸ், அஸ்பெஸ்டோசிஸ், பஞ்சாலைத் தொழிலாளரைத் தாக்கும் பிசினோசிஸ் ஆகியவை அதில் உள்ளன. இவற்றில் ஒன்று தொழிலாளியிடம் காணப்பட்டால் ஆலை மேலாளரும், சிகிச்சை அளிக்கும் மருத்துவரும் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்று 89ஆம் பிரிவு கூறியது. பேரியமோ அலுமினியமோ அப்பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த, பணியிடப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரம் தொடர்பான 2020ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும் அறிவிக்கத்தக்க நோய்களைப் பட்டியலிடும் அதே முறையைத் தொடர்கிறது.

பட்டியலில் இருப்பதும் இல்லாமல் போவதும் நீதிமன்றத்தில் பெரும் வேறுபாட்டை உண்டாக்குகின்றன. 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு இதற்கு எடுத்துக்காட்டு. அட்டவணையில் உள்ள நோய் அட்டவணையில் உள்ள வேலையைச் செய்தவருக்கு வந்தால், அது அந்த வேலையால் வந்ததாகவே சட்டம் கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு முதலாளியுடையது. அட்டவணையில் இல்லாத நோயானால், அது பணியிட விபத்தால் நேர்ந்த ஒரு குறிப்பிட்ட காயத்தின் நேரடி விளைவு என்று தொழிலாளியே மெய்ப்பிக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் சிறிது சிறிதாக உள்ளே சென்ற தூளுக்கு எந்த நாளின் விபத்தைக் காட்டுவது? இச்சட்டத்தின் இடத்தைச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு எடுத்துக்கொண்ட பின்னும் இந்த அமைப்பு மாறவில்லை.

இங்கே ஒரு நச்சுச் சுழல் இயங்குகிறது. ஆய்வு இல்லாததால் நோய் பட்டியலில் ஏறவில்லை. பட்டியலில் இல்லாததால் மருத்துவர் அறிவிப்பதில்லை. அறிவிப்பு இல்லாததால் எண்ணிக்கை இல்லை. எண்ணிக்கை இல்லாததால் ‘இப்படியொரு பிரச்சினையே இல்லை’ என்று நிதி மறுக்கப்படுகிறது.

வழக்கறிஞராக இழப்பீட்டு மனுக்களைத் தயாரிக்கும்போது நான் மீண்டும் மீண்டும் காண்பது ஒரே வகையான நெகிழிப் பையைத்தான். அதற்குள் காசநோய்ச் சிகிச்சை அட்டை இருக்கும். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்ற முடிவு இருக்கும். இருமல் மருந்துச் சீட்டுகள் இருக்கும். மங்கிய எக்ஸ்ரே படம் ஒன்று இருக்கும். ‘தொழில்’ என்ற கட்டத்தில் ‘கூலி’ என்று எழுதப்பட்டிருக்கும். என்ன கூலி என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த ஒரு கேள்வி கேட்கப்படாததால் வழக்கு தொடங்கும் முன்பே பாதி தோற்றுவிடுகிறது.

சாதி எங்கே வருகிறது?

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி விருதுநகர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் பட்டியல் சாதியினர். வானம் பார்த்த கரிசல் பூமியில் நிலமற்ற தலித் குடும்பங்களுக்குப் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளே ஆண்டு முழுவதும் கூலி தரும் இடங்கள். பிற சாதிகளைச் சேர்ந்த ஏழை உழைப்பாளரும் இதே அறைகளில் அமர்கின்றனர். ஆனால் உரிமம் வைத்திருப்போர் வரிசையில் தலித்துகள் அரிது. பீஸ் ரேட் கூலி, முன்பணக் கடன், உரிமம் பெற்றவர் வேறொருவருக்கு ஆலையை விடும் உள்குத்தகை ஆகியவை அனைத்தும் சேர்ந்து தொழிலாளியின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் நிலைக்காதபடி செய்கின்றன. பெயர் பதிவாகாதவர் எதனால் நோயுற்றார் என்பதும் பதிவாகாது.

யாருடைய நுரையீரல் நீதிமன்றத்தை எட்டுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பட்டாசு குறித்த அர்ஜுன் கோபால் வழக்கு 2015இல் டெல்லியைச் சேர்ந்த மூன்று பச்சிளங்குழந்தைகளின் பெயரில் தொடுக்கப்பட்டது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடை செய்தது; பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது. 2021 அக்டோபரில் அத்தடையை மீண்டும் வலியுறுத்தியது. டெல்லிக் குழந்தைகளின் சுவாச உரிமை முழுமையாக நியாயமானதே. ஆனால் ஆண்டுக்குச் சில நாட்கள் புகையைச் சுவாசிப்பவரின் உடல்நலம் நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் விவாதமாயிற்று. ஆண்டு முழுவதும் தூளைச் சுவாசிப்பவர் அவ்விவாதத்தில் ‘வாழ்வாதாரம்’ என்ற ஒற்றைச் சொல்லாக மட்டுமே இடம்பெற்றார். அவருக்கும் நுரையீரல் உண்டு என்பது அவ்வழக்கின் மையமாக ஒருபோதும் அமையவில்லை. தடைக்கு முன்பு பல ஆண்டுகள் பேரியம் கலந்தவர்களைப் பரிசோதிப்பது எவருடைய கடமை என்ற கேள்வி இன்றும் விடையின்றி நிற்கிறது.

தீப்பெட்டி சொல்லும் வரலாறு

நோய்க்குப் பெயர் கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்குச் சான்று சிவகாசியின் மற்றொரு தொழிலிலேயே உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தீக்குச்சிகள் வெண்பாஸ்பரஸால் செய்யப்பட்டன. அதன் ஆவி தொழிலாளரின் தாடை எலும்பை அழுகச் செய்தது. 1888இல் லண்டனின் பிரையன்ட் அண்ட் மே ஆலையில் பெண்களும் சிறுமியரும் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுடைய நிலையை முதலில் எழுத்தில் கொண்டுவந்தவர் அன்னி பெசன்ட். பிற்காலத்தில் சென்னை அடையாற்றில் வாழ்ந்தவர். தொடர் அழுத்தத்தின் விளைவாக, 1890களின் இறுதியில் பிரிட்டிஷ் அரசு வல்லுநர் குழுவை அமர்த்தித் தீப்பெட்டித் தொழிலின் பாஸ்பரஸ் நோயை ஆராயச் செய்தது. 1906இல் பெர்ன் நகரில் வெண்பாஸ்பரஸைத் தடை செய்யும் பன்னாட்டு உடன்படிக்கை உருவானது. இந்தியாவில் 1913இல் வெண்பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச் சட்டம் இயற்றப்பட்டது.

சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது 1923இல். அதாவது, இங்கே முதல் ஆலை எழுவதற்குப் பத்தாண்டுகள் முன்பே அந்த நோய் சட்டத்தால் தடுக்கப்பட்டுவிட்டது. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலாளர் பல கொடுமைகளை அனுபவித்தனர். ஆனால் தாடை அழுகும் கொடுமை இத்தொழிலோடு சேர்ந்து இங்கே வரவில்லை. வேறொரு நாட்டின் ஏழைப் பெண்கள் தங்கள் நோயை அரசு ஆராயும்படி செய்ததன் பயன் அது. பட்டாசுத் தூளுக்கு இதுபோன்ற ஒரு வரலாறு இன்னும் எழுதப்படவில்லை.

போபால்: ஆய்வைக் கேட்டு நடந்தவர்கள்

இந்தியாவில் நோயாளிகளே ஆய்வுக்காகப் போராடிய மிகப் பெரிய எடுத்துக்காட்டு போபால். 1984 டிசம்பர் 2–3 இரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் வாயு கசிந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். அடுத்த ஆண்டு முதல் 24 ஆய்வுகளை மேற்கொண்டது. 1994இல் அவ்வாய்வுகள் முடிக்கப்பட்டன. மக்களின் மூச்சுத்திணறல் முடியவில்லை. நீண்டகாலக் கண்காணிப்பு மாநில அரசின் ஒரு மையத்திடம் ஒப்படைக்கப்பட்டுத் தேய்ந்தது.

உயிர்பிழைத்தோர் சங்கங்கள் வீட்டோடும் மருத்துவமனையோடும் நிற்கவில்லை. ரஷீதா பீ, சம்பா தேவி சுக்லா போன்ற உழைக்கும் பெண்களின் தலைமையிலும், அப்துல் ஜப்பார் போன்றோரின் தலைமையிலும் வெவ்வேறு அமைப்புகள் இயங்கின. 2006இலும் 2008இலும் நோயுற்றவர்களே போபாலிலிருந்து டெல்லிக்கு ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நடந்தனர். குடிநீர், மறுவாழ்வு ஆகியவற்றோடு மருத்துவ ஆய்வை மீண்டும் தொடங்குவதும் அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. 2010இல் சுற்றுச்சூழல் நலத்துக்கான தேசிய ஆய்வு நிறுவனத்தை ஐ.சி.எம்.ஆர். போபாலில் நிறுவியது. 2012 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம், போபால் எரிவாயுப் பாதிப்புப் பெண்கள் தொழிற்சங்கம் தொடுத்த வழக்கில், நோயாளிகளின் மருத்துவ ஆவணங்களைக் கணினிமயமாக்கவும் ஆய்வைத் தொடரவும் ஆணையிட்டது.

போபால் மக்களுக்கு முழு நீதி கிடைத்துவிட்டதாகச் சொல்ல இயலாது. ஆனால் அவர்கள் ஒன்றை நிலைநாட்டினர்: ஆய்வு எப்போது முடிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் நோயாளிக்கும் பங்கு உண்டு.

கோத்ராவின் கல் தூள், ராஜஸ்தானின் நிதி

மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர் மாவட்டப் பழங்குடியினர் குஜராத்தின் கோத்ராப் பகுதியில் படிகக்கல் அரைக்கும் ஆலைகளுக்கு வேலை தேடிச் சென்றனர். சில ஆண்டுகளிலேயே சிலிகோசிஸ் நோயுடன் திரும்பி இளம் வயதில் மடிந்தனர். ஊதியச் சீட்டு எவரிடமும் இல்லை. நோயாளிகள் சிலிகோசிஸ் பீடித் சங்கம் என்ற பெயரில் ஒன்றுகூடி, ஊர் ஊராகத் தாங்களே இறப்புகளைப் பதிவு செய்தனர். அந்தப் பதிவுகள் தேசிய மனித உரிமை ஆணையத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் எட்டின. 2010இல் ஆணையம் 238 குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் வழங்கப் பரிந்துரைத்தது. 2016 மே 4 அன்று அதை வழங்குமாறு குஜராத் அரசுக்கு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

ராஜஸ்தானில் மணற்கல் சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தின் பயனாக 2019 அக்டோபரில் நுரையீரல் தூசி நோய்களுக்கான தனிக் கொள்கை வெளியிடப்பட்டது. மருத்துவக் குழு நோயை உறுதி செய்தவுடன் 3 லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், அதோடு ஓய்வூதியம் என்று அது வகுத்தது. யாருடைய சுரங்கத்தில் வேலை செய்தார் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. இதற்கான நிதியில் மாவட்டக் கனிம அறக்கட்டளைகளின் பணம் பயன்படுத்தப்படுகிறது. சுரங்க உரிமையாளர்கள் செலுத்தும் பங்களிப்பில் சேர்வது அது. தூசியால் இலாபம் கண்ட தொழிலே தூசியின் நோய்க்கும் நிதி தர வேண்டும் என்ற கோட்பாடு அங்கே நடைமுறையாயிற்று.

தமிழ்நாட்டின் அனுபவம் நமக்கொரு எச்சரிக்கை. கொடைக்கானல் வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்டது. பாதரச நஞ்சு சட்டப் பட்டியலில் முன்பே இருந்த நோய். அப்படியிருந்தும் 591 முன்னாள் தொழிலாளர் தொடர்பான உடன்பாடு 2016 மார்ச்சில்தான் எட்டப்பட்டது. பெயர் உள்ள நோய்க்கே பதினைந்து ஆண்டுகள் எனில், பெயரற்ற நோய்க்கு எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டமன்றத்தை நேரடியாக அசைத்த நோயாளிகளும் உண்டு. 1969 பிப்ரவரியில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஏறத்தாழ 40,000 நிலக்கரித் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். தங்கள் கருநுரையீரல் நோயைச் சட்டம் ஏற்கும் வரை சுரங்கத்துக்குள் இறங்க மறுத்துத் தலைநகர் சார்ல்ஸ்டனுக்கு அணிவகுத்தனர். சில மருத்துவர்கள் ஊர் ஊராகச் சென்று தொழிலாளரின் மொழியில் நோயை விளக்கினர். மாநிலச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு டிசம்பரில் இயற்றப்பட்ட ஒன்றியச் சட்டம் தொழிலாளருக்கு எக்ஸ்ரே கண்காணிப்பையும் நோய் ஆய்வையும் உறுதி செய்தது.

சட்டம் ஏற்கெனவே தந்துள்ளவை

வெறுங்கையோடு நாம் தொடங்க வேண்டியதில்லை. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்தார். அக்காலத்தில்தான் பேராசிரியர் அடார்கர் தொழிலாளர் உடல்நலக் காப்பீடு குறித்த அறிக்கையை 1944இல் அளித்தார். 1948இன் இ.எஸ்.ஐ. சட்டம் அதன் தொடர்ச்சி. தொழில் தரும் நோய்க்குத் தொழிலும் அரசும் பொறுப்பு என்ற கருத்து இந்நாட்டில் அவ்வளவு பழையது.

1995 ஜனவரி 27 அன்று, அஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் தொடர்பான நுகர்வோர் கல்வி மற்றும் ஆராய்ச்சி மைய வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் சாசனத்தின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தொழிலாளரின் மருத்துவப் பதிவைப் பணி தொடங்கியதிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது பணி முடிந்த பின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்றும் கூறியது.

சிவகாசியைப் பற்றியே இரு தீர்ப்புகள் உள்ளன. எம்.சி. மேத்தா வழக்கில் 1990 அக்டோபர் 31 அன்று தொழிலாளர் நல நிதி ஒன்றை உருவாக்கவும், ஒவ்வொரு தொழிலாளிக்கும் 50,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்யவும் நீதிமன்றம் கூறியது. அதே தலைப்பிலான வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று, குழந்தையை வேலைக்கு வைத்த ஒவ்வொரு முதலாளியும் குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் மறுவாழ்வு நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. இத்தொழிலின் தீங்கைச் சீர்செய்ய இத்தொழிலிடமே பணம் பெறலாம் என்ற கோட்பாடு சிவகாசியை முன்வைத்தே வகுக்கப்பட்டது.

புதிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 19ஆம் பிரிவு, ஒன்றிய அரசு அறிவிக்கும் நிறுவனங்கள் பணியிடச் சுகாதாரம் குறித்து ஆய்வு நடத்திப் பரிந்துரை அளிக்க வேண்டும் என்கிறது. 20ஆம் பிரிவு பணியிடச் சுகாதாரக் கணக்கெடுப்புக்கு வழி செய்கிறது. தொழிலாளர் உரிமைகள் பலவற்றைச் சுருக்கியதாக விமர்சிக்கப்படும் சட்டத்திலும் இவ்விரு கதவுகள் உள்ளன. அவற்றைத் தட்ட வேண்டும்.

யாரிடம் எதைக் கேட்பது?

ஒன்று: சட்டமன்றம். விருதுநகர் மாவட்டத்தில் ஏழு சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. அவற்றில் திருவில்லிபுத்தூர் தனித்தொகுதி. இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் சேர்ந்துள்ள தென்காசி நாடாளுமன்றத் தொகுதியும் தனித்தொகுதியே. தனித்தொகுதி உறுப்பினர்களிடம் இக்கோரிக்கையை முதலில் வைப்பது நம் உரிமை. சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கு, நோயுற்றவர்கள் தங்கள் கையெழுத்துடன் கூட்டு மனு அளிக்கலாம்.

இரண்டு: நிதியின் தலைப்பு. தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் 2024இல் நிறைவேறியது. இந்த மக்கள்தொகைக்கேற்ற நிதி இந்த மக்களுக்கே செலவாக வேண்டும் என்பது அதன் நோக்கம். பட்டாசுத் தொழிலாளர் நல வாரியமும் உள்ளது. பட்டாசு விபத்தில் இறந்தோரின் குழந்தைகளது கல்விச் செலவை ஏற்பதாக 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். அது வரவேற்கத்தக்க அறிவிப்பு. வெடித்து இறந்தவருக்கு நிதி ஒதுக்க இயலும் அரசால், இருமி இறப்பவரை ஆராயவும் நிதி ஒதுக்க இயலும். இவற்றோடு, உற்பத்தி அளவுக்கேற்ற உரிமையாளர் பங்களிப்பையும் ராஜஸ்தான் வழியில் கோர வேண்டும்.

மூன்று: ஆய்வு நிறுவனம். ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் அகமதாபாத்தில் உள்ளது. அதன் தென்மண்டல மையம் பெங்களூரில். தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் சென்னையில் உள்ளது. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. சிவகாசியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை உள்ளது. மருத்துவக் கல்லூரியில் தொழில்சார் நோய்ப் பிரிவு, இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் நுரையீரல் செயல்திறன் சோதனை, ஐ.சி.எம்.ஆர். மேற்பார்வையில் நீண்டகாலத் தொடர் ஆய்வு என்று கோரிக்கை துல்லியமாக இருக்க வேண்டும்.

இது பேராசை அன்று. 1956இல் ஐ.சி.எம்.ஆர்., சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை இணைந்து சென்னையில் காசநோய் ஆய்வு மையத்தைத் தொடங்கின. நகரின் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த நோயாளிகளைக் கொண்டு நடந்த அதன் ஆய்வு, சானடோரியத்தில் சேர்க்காமல் வீட்டிலிருந்தபடியே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று நிறுவியது. உலகம் முழுவதும் சிகிச்சை முறை மாறியது. ஏழைகளின் உடலைப் பொருட்படுத்திய ஓர் ஆய்வு தமிழ்நாட்டில் அன்றே சாத்தியமாயிற்று.

நான்கு: ஆய்வில் தொழிலாளரின் இடம். சோதனை முடிவு தொழிலாளியின் கையில் தமிழில் தரப்பட வேண்டும். நோய் தெரிந்தால் வேலை பறிபோகாது என்ற எழுத்துவழி உறுதி வேண்டும். ஆய்வின் கண்காணிப்புக் குழுவில் தலித் பெண் தொழிலாளர் இடம்பெற வேண்டும். இல்லையெனில், வேலை போய்விடும் என்ற அச்சத்தில் இருமலை அடக்கிக்கொண்டுதான் எவரும் எக்ஸ்ரே எடுக்க வருவர்.

ஐந்து: மாணவர்களின் பணி. ஜாபுவாவில் ஊர்ப்பதிவே வழக்கின் முதுகெலும்பானது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டங்களின் ஒவ்வொரு குடியிருப்பிலும், ஒப்புதல் பெற்று, யார் எந்த ஆண்டு முதல் எந்த வேலை செய்தார் என்ற எளிய பதிவேட்டை உருவாக்கலாம். கூலிச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, பழைய எக்ஸ்ரே, ஆலையில் எடுத்த ஒரு புகைப்படம் ஆகிய எதையும் எறியவிடக் கூடாது. மருத்துவரிடம் செல்லும்போது ‘கூலி’ என்று எழுதவிடாமல் ‘பட்டாசு ஆலையில் மருந்து கலத்தல், 18 ஆண்டுகள்’ என்று எழுதச் சொல்ல வேண்டும். மாவட்டத்தில் எத்தனை தொழில்சார் நோய் அறிவிப்புகள் வந்தன, எத்தனை தொழிலாளருக்கு ஆண்டு மருத்துவப் பரிசோதனை நடந்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்த் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் கேட்கலாம். ‘பதிவு ஏதும் இல்லை’ என்ற பதில் வந்தாலும் அது வீணாகாது. அப்பதிலே மனுவின் முதல் இணைப்பாகும்.

‘ஆலையை மூடவா சொல்கிறீர்கள்?’

இக்கேள்வி முதலாளியிடமிருந்து மட்டும் வருவதில்லை, தொழிலாளியிடமிருந்தும் வருகிறது. வேறு பிழைப்பற்ற மண்ணில் அது நேர்மையான அச்சம். அதற்கு நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும். நிலக்கரியை ஆராய்ந்ததால் சுரங்கங்கள் மூடப்படவில்லை. தூசியின் அளவுக்கு வரம்பு வந்தது. வெண்பாஸ்பரஸை ஒழித்ததால் தீப்பெட்டித் தொழில் அழியவில்லை. சிவகாசியில் அது அதன் பிறகுதான் பிறந்தது. எந்தப் பொருள், எவ்வளவு, எத்தனை மணிநேரம் கேடு செய்யும் என்று தெரிந்தால்தான் எந்த முகக்கவசம், எந்தக் காற்றோட்டம், எத்தனை ஆண்டுகளுக்குப் பின் வேலை மாற்றம் என்பதை முடிவு செய்ய இயலும். தெரியாத வரை அந்த விலையைத் தொழிலாளி மட்டும் செலுத்திக்கொண்டிருப்பார்.

பட்டாசுக் கலவையின் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்கு உண்டு. எந்த அறையில் எத்தனை கிலோ இருக்கலாம், எத்தனை பேர் அமரலாம் என்று விதிகள் எழுதப்பட்டுள்ளன. அதே அறையில் அமர்ந்தவரின் நுரையீரலுக்குள் எத்தனை மில்லிகிராம் சென்றது என்ற கணக்கு இதுவரை இல்லை. அடுத்த நிதிநிலை அறிக்கையில் அதற்கென ஒரு வரி இடம்பெற வேண்டும். அந்த ஒரு வரியைக் கேட்டு மனுவில் முதல் கையெழுத்தை இடவேண்டியவர்கள் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் தொழிலாளர்களே. அந்த மனுவை எழுத உதவுவதும், அது சென்று சேரும் வரை அவர்களுடன் நிற்பதும் நம் கடமை.